பாதை போட்டும் ஓடாத சைக்கிள்: ஸ்டீவனேஜும் ஹௌட்டனும்

புறநகரில் சைக்கிள் பாதை கேட்டுப் போகிறவர்களுக்கு அலுவலகங்களில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: போட்டால் யார் ஓட்டப்போகிறார்கள்? கேட்பவர்களும் விடுவதில்லை. முதலில் போடுங்கள், ஓட்டுகிறவர்கள் தானே வருவார்கள் என்கிறார்கள். இந்த வழக்கைத் தீர்க்க ஊகம் தேவையில்லை. பெருநகரத்தின் நிழலில் அரசுத் திட்டத்தால் வளர்ந்த இரண்டு ஊர்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் ஒன்று, நெதர்லாந்தின் ஹௌட்டன் மற்றொன்று. இரண்டிலும் வீடு கட்டும்போதே சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டார்கள். பெரிய சாலைகளைச் சைக்கிள் கடக்கும் இடங்களில் சுரங்கப் பாதை அமைத்தார்கள். ஒன்றில் பாதைகள் நிறைந்து ஓடுகின்றன. மற்றொன்றில் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கின்றன.

வெறிச்சோடியது ஸ்டீவனேஜ். அதன் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். தோற்ற ஊரிடம்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது.

லண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது ஸ்டீவனேஜ். போரில் குண்டுவீச்சுக்கு இரையாகி, நெரிசலில் திணறிக்கொண்டிருந்த லண்டன் மக்களைக் குடியேற்றுவதற்காக 1946ல் புதுநகரச் சட்டம் வந்தது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட முதல் ஊர் இது. ரயில் பாதைக்கு மேற்கே தொழிற்சாலைகள், கிழக்கே பள்ளியும் கடைத்தெருவும் உள்ள குடியிருப்புப் பேட்டைகள், நடுவில் நகர மையம் என்று வரைந்தார்கள். 1959ல் திறக்கப்பட்ட அதன் மையக் கடைவீதிக்குள் வண்டிகளுக்கு இடமில்லை. நடந்துதான் போக வேண்டும். பிரிட்டனில் அப்படித் திட்டமிட்டே கட்டப்பட்ட முதல் கடைவீதிகளில் அது ஒன்று.

ஊரின் சாலைகளை வடிவமைத்த பொறியாளர் எரிக் க்ளாக்ஸ்டன் தானே சைக்கிள் ஓட்டுபவர். நெதர்லாந்தின் பாதைகளைக் கவனித்துப் படித்தவர். காரும் சைக்கிளும் ஒரே தளத்தில் எங்கும் மோதிக்கொள்ளக் கூடாது என்பது அவர் கொள்கை. ரவுண்டானா வரும் இடங்களில் வண்டிச் சாலையைச் சற்று உயர்த்தி, சைக்கிள் பாதையைச் சற்றுத் தாழ்த்தி, அடியில் விட்டார். லாரிக்கு வேண்டிய உயரம் சைக்கிள்காரருக்கு வேண்டாம். ஆகவே செங்குத்தாக இறங்கி மூச்சிரைக்க ஏற வேண்டியதில்லை. இறங்கும்போது கிடைத்த வேகமே ஏற்றத்தில் பாதி வேலையைச் செய்துவிடும். பாதைகள் அகலமானவை. நடப்பவர்களுக்குப் புல்வரிசைக்கு அப்பால் தனி நடைபாதை. இவ்வளவு நேர்த்தியான பாதைகள் அன்று பிரிட்டனில் வேறெங்கும் இல்லை. இன்றும் அவற்றின் படங்களைப் பார்த்தால் நெதர்லாந்து என்றே பலர் சொல்வார்கள்.

ஆனால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 1950களில் வந்த கூட்டமும் கார் வாங்க வசதி வந்ததும் கரைந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஸ்டீவனேஜில் வேலைக்குப் போகிறவர்களில் சைக்கிளில் போனவர்கள் 100க்கு 3 பேர் அளவில்தான். தனிப் பாதையே இல்லாத மற்ற ஆங்கில ஊர்களின் சராசரியும் ஏறத்தாழ அதுவே. எங்கும் சைக்கிளில் போகலாம் என்று கட்டப்பட்ட ஊரும், அப்படி எதுவும் செய்யாத ஊரும் ஒரே எண்ணிக்கையில் வந்து நின்றால், அந்தச் சுரங்கப் பாதைகள் எல்லாம் வீணா?

ஹௌட்டன் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. யூட்ரெக்ட் நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தூரத்தில், 1960களில் அது சில ஆயிரம் பேர் வாழ்ந்த கிராமம். நகரம் கண்டபடி பரவாமலிருக்க, வளர்ச்சியைத் தாங்கும் ஊர்களில் ஒன்றாக அரசு அதைத் தேர்ந்தெடுத்தது. கட்டடக்கலைஞர் ராப் டெர்க்ஸ் வரைந்த திட்டம் 1968ல் வந்தது. இன்று அங்கே ஏறத்தாழ 50,000 பேர் இருக்கிறார்கள்.

டெர்க்ஸின் வரைபடத்தைச் சொல்ல நிறைய வரிகள் வேண்டாம். ஊரைச் சுற்றி ஒரு வட்டச் சாலை. உள்ளே பேட்டைகள். ஒரு பேட்டைக்குள் கார் நுழைய வேண்டுமானால் வட்டச் சாலையிலிருந்துதான் நுழைய வேண்டும். பக்கத்துப் பேட்டைக்குப் போக வேண்டுமானால் மறுபடி வட்டச் சாலைக்கு வெளியேறி, சுற்றி, அடுத்த வாயில் வழியாக உள்ளே வர வேண்டும். ஊரின் குறுக்கே கார் போக வழியே இல்லை. சைக்கிளுக்கு அப்படியில்லை. பேட்டைகளிலிருந்து வரும் பாதைகள் எல்லாம் பசுமையான நடுப்பகுதியில் ஒரு முதுகெலும்பில் சேர்ந்து, ரயில் நிலையத்துக்கும் கடைவீதிக்கும் நேரே கொண்டுபோய் விடுகின்றன. பள்ளிகளில் பலவற்றை அந்த முதுகெலும்பை ஒட்டியே வைத்தார்கள். குழந்தை பள்ளிக்குப் போகும் வழியில் வேகமான கார்ச் சாலை எதையும் குறுக்கே கடக்க வேண்டாம். ஊர் வளர்ந்தபோது தெற்கே இன்னொரு வட்டத்தை அதே முறையில் சேர்த்தார்கள். இப்போது வரைபடத்தில் பார்த்தால் 8 என்ற எண்போல் இருக்கும்.

7.5 கிலோமீட்டருக்குக் குறைவான பயணங்களில் 10ல் 4 அளவுக்கு ஹௌட்டனில் சைக்கிளில் நடக்கின்றன. ஸ்டீவனேஜின் 100க்கு 3 வேலைக்குப் போகும் பயணங்களை மட்டும் கணக்கிட்டது. ஹௌட்டனின் எண் எல்லாக் குறுந்தூரப் பயணங்களையும் எண்ணியது. ஒரே தராசில் நிறுத்த முடியாதவை. ஆனாலும் எந்தத் தராசை எடுத்தாலும் இடைவெளி மறையாது.

இப்போது இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஸ்டீவனேஜில் க்ளாக்ஸ்டன் சைக்கிள் பாதைகளை எங்கே போட்டார்? பெரும்பாலும் பெரிய கார்ச் சாலைகளின் ஓரத்தில். சைக்கிள் போகும் அதே தடத்தில் காரும் போகிறது, வேகமாக. சாலைகள் அகலமானவை, நெரிசல் இல்லாதவை. நீண்ட காலம் போக்குவரத்து விளக்குகளே கிட்டத்தட்ட இல்லாமல் ரவுண்டானாக்களாலேயே ஊர் ஓடியது. சைக்கிளை அடியில் அனுப்பிவிட்டதால் மேலே காரைத் தடுக்க எதுவும் இல்லை. சைக்கிள்காரரின் உயிரைக் காத்த அந்தச் சுரங்கமே கார்க்காரரின் நேரத்தையும் காத்துக் கொடுத்தது. போய்ச் சேரும் இடத்தில் வண்டி நிறுத்தவும் இடம் தாராளம். அப்படியிருக்க, மழை தூறும் காலையில் கார்ச் சாவியை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுக்க ஒருவருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? மக்கள் சோம்பேறிகள் என்று இதற்குப் பழி சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஊர் அவர்களுக்குக் கொடுத்த வழியில் அவர்கள் போனார்கள்.

ஹௌட்டனிலும் கார் இல்லாமல் இல்லை. யூட்ரெக்டுக்கும் அதற்கு அப்பாலும் வேலைக்குப் போகக் காரை எடுக்கிறவர்கள் நிறைய உண்டு. வட்டச் சாலையில் போக்குவரத்துக்குக் குறைவில்லை. வித்தியாசம் ஊருக்குள்ளேதான். பால் வாங்கவும், பிள்ளையை நீச்சலுக்கு விடவும், ரயிலைப் பிடிக்கவும் காரை எடுத்தால் சுற்ற வேண்டும். சைக்கிளில் போனால் நேரே போகலாம். யாரையும் தண்டிக்கவில்லை, எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, கட்டணமும் இல்லை. தூரம் மட்டும் மாறியிருக்கிறது.

சைக்கிள் பாதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நெதர்லாந்துப் பொறியாளர்கள் தங்கள் வடிவமைப்புக் கையேட்டில் ஐந்து தேவைகளைச் சொல்வார்கள்: தொடர்ச்சி, நேர்வழி, பாதுகாப்பு, வசதி, கவர்ச்சி. ஸ்டீவனேஜை இவற்றில் சோதித்தால் பாதுகாப்பில் தேறும், வசதியில் தேறும், தொடர்ச்சியிலும் பெருமளவு தேறும். நேர்வழியில்தான் முதலில் தவறுகிறது. அதுவும் பாதை வளைந்து கிடப்பதால் அல்ல. பக்கத்திலேயே காருக்கு அதைவிட நேரான, அதைவிட விரைவான வழி இருப்பதால். நேர்வழி என்பது ஒப்பிட்டுத்தான் தெரியும். சைக்கிள் பாதையின் வரைபடத்தை மட்டும் மேசையில் விரித்துப் பார்க்கும் திட்டக்காரருக்கு இது கண்ணில் படவே படாது.

கவர்ச்சி என்ற ஐந்தாவது தேவையையும் எளிதாகத் தள்ளக் கூடாது. மாலை மங்கியபின் தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு, பெரிய சாலையின் அடியில் ஆள் அரவமற்ற சுரங்கம் பாதுகாப்பான இடமாகத் தோன்றாது. மோதல் இல்லாததும் பயம் இல்லாததும் வேறு வேறு. ஹௌட்டனின் பாதைகள் பல இடங்களில் வீடுகளின் வாசலை ஒட்டி, குடியிருப்புத் தெருக்களின் வழியே போகின்றன. அத்தெருக்கள் சிலவற்றில் காரும் வரலாம், ஆனால் அங்கே அது விருந்தாளி என்று பலகையே சொல்கிறது. சைக்கிள் முன்னே போகும். கார் அதன் வேகத்துக்குப் பின்னே வரும். ஜன்னலில் விளக்கு எரிகிறது, எதிரே நாலு பேர் வருகிறார்கள். கூட்டமே பாதுகாப்பு. கூட்டம் குறைந்த பாதையில் பயம் கூடுகிறது. பயம் கூடியதும் கூட்டம் இன்னும் குறைகிறது. ஸ்டீவனேஜின் சுரங்கங்கள் இந்தச் சுழலிலும் சிக்கிக்கொண்டன.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். நியாயமானது. நெதர்லாந்துக்காரர் சைக்கிள்காரராகவே பிறக்கிறார், அந்நாடு முழுவதிலும் நான்கில் ஒரு பயணம் சைக்கிளில் நடக்கிறது, ஹௌட்டனை அங்கே வைத்துவிட்டு ஸ்டீவனேஜைக் குறை சொல்வது சரியா? நிலம் தட்டையா மேடா என்பதும் உண்டு. ஸ்டீவனேஜில் சிறு மேடுகள் இருக்கின்றன. இவற்றுக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பண்பாடு என்பதைக் கல்வெட்டாக நினைப்பது பிழை. ஸ்டீவனேஜ் திட்டமிடப்பட்ட காலத்தில், 1949ல், பிரிட்டனின் சாலைகளில் எல்லா வண்டிகளும் ஓடிய மொத்தத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைக்கிள் ஓடியது. அதுவும் சைக்கிள் நாடாகத்தான் இருந்தது. அந்தப் பழக்கம் கால் நூற்றாண்டில் கரைந்துபோனது. மறுபக்கம், டெர்க்ஸ் திட்டம் வரைந்தபோது நெதர்லாந்தும் காரின் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே 1971ல் மட்டும் சாலைகளில் 3,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். குழந்தைக் கொலையை நிறுத்து என்று பெற்றோர்கள் தெருவுக்கு வந்ததும், 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஹௌட்டன் திட்டத்துக்குப் பிந்திய கதை. ஆக, சைக்கிள் பழக்கம் கனிந்திருந்த காலத்தில் வந்த திட்டமல்ல அது. பழக்கம் தேய்ந்துகொண்டிருந்தபோது அதைப் பிடித்து நிறுத்திய திட்டம்.

இன்னொரு வேறுபாட்டைக் குறிப்பிடாமல் போக முடியாது. அது ரயில். ஹௌட்டனின் மையமே நிலையம்தான். புதுப்பித்தபோது தண்டவாளத்துக்கு அடியிலேயே ஏறத்தாழ 3,000 சைக்கிள் நிறுத்தும் கூடத்தைக் கட்டினார்கள். ஓட்டிக்கொண்டே உள்ளே வந்து, நிறுத்திவிட்டு, படியேறினால் நடைமேடை. காருக்கு இந்த வசதி இல்லை, இருக்கவும் முடியாது. புறநகர்வாசியின் நாளில் நீண்ட பயணம் நகரத்துக்குத்தான். அந்தப் பயணத்தின் முதல் 2 கிலோமீட்டரைச் சைக்கிள் பிடித்துக்கொண்டால் மீதி 10 கிலோமீட்டரை ரயில் பிடித்துக்கொள்ளும். ஸ்டீவனேஜிலோ, நிலையம் நகர மையத்துக்கு அருகே இடம்பெயர்ந்ததே 1973ல்தான். அதற்குள் பழக்கங்கள் கெட்டிப்பட்டிருந்தன.

ஹௌட்டனைப் பார்த்துவிட்டு ஊர்த் திட்டக்காரர்கள் சொல்வது வழக்கம்: அது வெற்று வயலில் கட்டிய ஊர், எங்கள் ஊரில் வீடும் சாலையும் ஏற்கெனவே இருக்கின்றன, இதை எப்படிச் செய்வது? இதற்கும் நெதர்லாந்திலேயே விடை இருக்கிறது. குரோனிங்கன் நூற்றாண்டுகள் பழைய நகரம். 1977 செப்டம்பரில் அதன் மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குக் கார் நேரே போக முடியாது. வெளிவட்டத்துக்கு வந்துதான் போக வேண்டும். நடப்பவரும் சைக்கிள்காரரும் பேருந்தும் நேரே போகலாம். புதுச் சாலைகள் ஊடாக வெட்டப்படவில்லை. ஒருவழிப் பலகைகளும் சில தெருக்களின் வாயில் தடைகளும் போதுமானதாயின. திட்டத்தை முன்னின்று நடத்திய இளம் நகரமன்ற உறுப்பினர் மாக்ஸ் வான் டென் பெர்க்கைக் கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். திட்டம் நிலைத்தது. குரோனிங்கன் இன்று உலகில் சைக்கிள் மிகுதியாக ஓடும் நகரங்களில் ஒன்று.

ஆகவே புறநகர் ஒன்றுக்குப் பாதை வலை வரையும்போது பணத்தின் பெரும்பகுதியைச் சுரங்கங்களுக்கும் பாதைக்கான சிவப்புத் தாருக்கும் ஒதுக்கிவிட்டு, இரண்டு பேட்டைகளுக்கு நடுவிலுள்ள தெருவில் கார் ஊடுருவுவதை அப்படியே விட்டால் ஸ்டீவனேஜ்தான் மீண்டும் கிடைக்கும். மலர்த்தொட்டி நாலு வைத்து அந்த ஊடுருவலை மறித்துவிட்டால், தனிப் பாதையே போடாத தெருவிலும் பத்து வயதுப் பிள்ளை ஓட்டும். மறிப்பதற்கு ஆகும் செலவு சிறிது. மறிக்கும்போது எழும் கூச்சலைத் தாங்குவதுதான் பெரிய செலவு. அதைச் செலுத்தத் துணியாத மன்றங்கள் கான்கிரீட்டில் கணக்குக் காட்டுகின்றன.

இதைச் சொல்லும்போது க்ளாக்ஸ்டனைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. அவர் காலத்தில் காரை எதிரியாகப் பார்த்தவர்கள் குறைவு. இரண்டுக்கும் தனித்தனிப் பாதை கொடுத்துவிட்டால் இரண்டும் சமாதானமாக வாழும் என்று நம்பினார். ஊரார் பக்கத்துக் கடைக்குக்கூடக் காரில் போனது அவருக்கே ஏமாற்றம்தான். அவர் கட்டியவை இன்றும் உறுதியாக நிற்கின்றன. 1977ன் குரோனிங்கனிடம் இல்லாத சுரங்கங்களும் அகலப் பாதைகளும் ஸ்டீவனேஜிடம் இருக்கின்றன. பேட்டைகளிலிருந்து மையத்துக்குப் போகும் பெருஞ்சாலைகள் சிலவற்றை நடுவில் அறுத்து, பேருந்துக்கும் சைக்கிளுக்கும் மட்டும் திறந்துவிட்டு, காரை வெளியே சுற்ற வைத்தால், மூன்று தலைமுறைக்கு முன் போட்ட பாதைகளே மீதி வேலையைப் பார்க்கும்.