குறைமாதக் குழந்தைகளின் ஆக்சிஜன், இதயத்துடிப்புக் கண்காணிப்பு: வடசென்னையிலிருந்து ஒரு பார்வை

37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடும் குழந்தையின் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது, இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று பிறந்த நிமிடத்திலிருந்தே அளந்து, அதற்கேற்ப மூச்சுக்குத் துணை செய்யும் மருத்துவ முறை இது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து மக்களுக்கு இதற்கான முக்கிய இடம், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த அரசு ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை. மக்கள் வாயில் அது ஆர்.எஸ்.ஆர்.எம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் கட்டிய வணிகர் சவலை ராமசாமி முதலியார் (1840–1911) 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொடுத்த கொடை அது. காசிமேட்டு மீனவக் குடும்பங்களும் துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகப் பிரசவத்துக்கு வந்து சேரும் வாசல்.

கண்ணும் காதும்

அந்த மருத்துவமனை தொடங்கிய காலத்தில் பிறந்த குழந்தையின் ஆக்சிஜனை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. அழுகிறதா, உடம்பு சிவந்திருக்கிறதா, நீலம் பாரித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நியூயார்க்கின் மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் 1952இல் முன்வைத்து 1953இல் வெளியிட்ட மதிப்பெண் முறை இந்தப் பார்வைக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தது. துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் வரும் எதிர்வினை, நிறம் என ஐந்துக்கும் தலா 2 மதிப்பெண்.

இந்த ஐந்தில் நிறம்தான் நம்பத்தகாதது. ஒரே குழந்தையைப் பார்த்து ஒரு மருத்துவர் சிவப்பு என்பார், இன்னொருவர் நீலம் என்பார். மாநிறமும் கறுப்புமான நம் பிள்ளைகளின் தோலில், பிரசவ அறை விளக்கொளியில், நீலத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். ஆக்சிஜன் தேவையா என்பதை நிறம் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்று உலக அளவிலான வழிகாட்டிகள் 2010இல் திருந்தின.

துடிப்பு அப்படியல்ல. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து 6 நொடி எண்ணிப் பத்தால் பெருக்கும் பழைய வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கேட்பவர் விரலால் தட்டிக் காட்ட, மற்றவர்கள் அந்தத் தாளத்தைக் கண்ணால் பிடித்துக்கொள்வார்கள். 100க்குக் கீழே போனால் முகமூடி வைத்து பையை அமுக்கி மூச்சு கொடுக்க வேண்டும். அப்படி நுரையீரலுக்குள் சரியாகக் காற்று போயும் துடிப்பு 60க்கு மேல் ஏறாவிட்டால் மார்பை அழுத்த வேண்டும். எந்த மருந்தை விடவும் முதலில் பலன் தருவது சரியாகக் கொடுக்கப்பட்ட மூச்சுதான். அது பலித்ததற்கு முதல் சாட்சி, ஏறும் துடிப்பு.

அளவில்லாமல் கொடுத்த காலம்

1942இல் பாஸ்டன் மருத்துவர் டெர்ரி, குறைமாதக் குழந்தைகளிடம் புதுவகைப் பார்வையிழப்பைப் பதிவு செய்தார். இன்குபேட்டருக்குள் தாராளமாகத் திறந்துவிட்ட ஆக்சிஜனே காரணமாக இருக்கலாம் என்று 1951இல் மெல்போர்னின் கேட் கேம்பெல் சுட்டிக்காட்ட, 1953–54இல் அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதி செய்தது. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் கடைசி வாரங்களில்தான் முழுதாக வளரும். அதிக ஆக்சிஜன் பட்டால் அந்த வளர்ச்சி நின்றுபோய், பிறகு குழாய்கள் தாறுமாறாகப் பெருகி விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும்.

உடனே எல்லோரும் ஆக்சிஜனைக் குறைத்தார்கள். பார்வையிழப்பு குறைந்தது, சாவு கூடியது. காப்பாற்றிய ஒவ்வொரு பார்வைக்கும் சுமார் 16 குழந்தைகள் இறந்திருக்கலாம் என்று பிரிட்டனின் கென்னத் கிராஸ் 1973இல் கணக்கிட்டார். பச்சிளங்குழந்தை மருத்துவத்தின் வரலாற்றில் இதைவிடக் கொடிய கணக்கை நான் படித்ததில்லை. அளக்க வழியில்லாமல் ஒரு மருந்தைக் கூட்டியதற்கும் குறைத்ததற்கும் கொடுத்த விலை அது.

ஜப்பானிலிருந்து வந்த விளக்கு

அளக்கும் வழி 1974இல் பிறந்தது. நிஹான் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அயோயாகி, காது மடலில் ஒளி பாய்ச்சி இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் கணிக்க முயன்றார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தது. அந்தத் துடிப்பைத் தள்ளிவிடாமல் அதையே பயன்படுத்தினால் தமனி இரத்தத்தை மட்டும் பிரித்துப் படிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதுதான் பல்ஸ் ஆக்சிமீட்டர். சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளி. ஆக்சிஜன் ஏற்றிய இரத்தமும் ஏற்றாத இரத்தமும் அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அயோயாகி 2020 ஏப்ரலில் இறந்தார்; கொரோனாக் காலத்தில் அவருடைய கருவி சென்னை வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

பச்சிளங்குழந்தைக்கு அந்தக் கருவியின் பட்டையை வலது கையில்தான் சுற்றுவார்கள், உள்ளங்கையிலோ மணிக்கட்டிலோ. இதயத்திலிருந்து மூளைக்குப் போகும் அதே இரத்தம் வலது கைக்கும் போகிறது. பிறந்த புதிதில் மூடாமல் இருக்கும் தமனி இணைப்புக் குழாய் வழியே ஆக்சிஜன் குறைந்த நீல இரத்தம் கலந்தால், காலில் காட்டும் எண் குறைந்துவிடும். பட்டை இறுக்கமாக இருந்தாலோ, குழந்தை குளிர்ந்திருந்தாலோ, கையை உதறினாலோ எண் தடுமாறும். மானிட்டரில் அலை சீராக ஓடுகிறதா, காட்டும் துடிப்பு ஸ்டெதாஸ்கோப்பில் எண்ணியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அனுபவமுள்ள செவிலியர் அந்த எண்ணை நம்புவார். எண் திரையில் வரவே 1 முதல் 2 நிமிடம் ஆகலாம் என்பதால், துடிப்பை விரைவாக அறிய ஈசிஜியையும் சேர்க்கலாம் என்று 2015 வழிகாட்டிகள் கூறின. கறுத்த தோலில் ஆக்சிமீட்டர் உள்ளதை விடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்ற எச்சரிக்கையும் அண்மை ஆய்வுகளில் வந்திருக்கிறது. நம் ஊர் மருத்துவர்கள் இதைக் கவனத்தில் வைத்தாக வேண்டும்.

பிறந்த குழந்தையின் ஆக்சிஜன் எண் உடனே 95 சதவீதத்தைத் தொடாது. தொட வேண்டியதும் இல்லை. 2010இல் வெளியான ஆய்வுகளை ஒட்டி வகுத்த இலக்கு இது: முதல் நிமிடம் 60–65, ஐந்தாவது நிமிடம் 80–85, பத்தாவது நிமிடம் 85–95. அதன் பிறகு ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்குப் பல இடங்களில் 90–95 வைக்கிறார்கள். 85–89 போதும் என்று வைத்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு சப்போர்ட் ஆய்வில் கண் பாதிப்பு குறைந்தது, இறப்பு கூடியது. ‘பெட்டியில’, அதாவது இன்குபேட்டரில், இருக்கும் பிள்ளைக்கு 99 காட்டினால் வெளியே நிற்கும் பாட்டி மகிழ்வார். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது 99 என்றால், குழாயைக் குறைக்க வேண்டிய நேரம்.

சென்னையில்

எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996 ஆகஸ்டில் 29ஆவது வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் பார்வை இதே விழித்திரைப் பாதிப்பால்தான் பறிபோனது. கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அளப்பதும், அளந்ததைக் குடும்பத்துக்குச் சொல்வதும் சிகிச்சையின் பகுதி என்று அந்தத் தீர்ப்பைப் படிக்கலாம்.

வடசென்னைக்கு வேறு இரண்டு சுமைகளும் உண்டு. ஒன்று காற்று. தமிழகத்தில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் நுண்துகள் கூடக் கூடப் பிறப்பு எடை குறைந்தது. அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் சூழ்ந்த எண்ணூர், மணலிக்கு அது பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது. மற்றொன்று சாலை. கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் ராயபுரம் வந்து சேரும் வரை, ஆம்புலன்சுக்குள்ளும் அந்தச் சின்னக் கையில் பட்டை இருக்க வேண்டும், துடிப்பை ஒருவர் கவனிக்க வேண்டும்.

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தையை வீட்டுக்கு அழைத்துப் போகும் பெற்றோர், விழித்திரைப் பரிசோதனை எந்த நாள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறந்த 30 நாளுக்குள் அது நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே.