வூடி ஆலனும் கோபித்துக்கொண்ட ரசிகர்களும்

1980இல் 'ஸ்டார்டஸ்ட் மெமரீஸ்' வெளியானபோது அமெரிக்க ரசிகர்கள் பலர் அதைத் தங்கள்மீது வீசப்பட்ட வசையாகவே எடுத்துக்கொண்டனர். 'ஆனி ஹால்' (1977), 'மன்ஹாட்டன்' (1979) ஆகிய படங்களுக்காக வூடி ஆலனைக் கொண்டாடியவர்கள் அவர்கள்.

ஃபெலினியின் 'எட்டரை'க்கு (1963) ஆலன் செலுத்திய கறுப்பு வெள்ளை வணக்கம் இப்படம். சாண்டி பேட்ஸ் என்னும் நகைச்சுவை இயக்குநர், தன் படங்கள் திரையிடப்படும் வார இறுதி விழாவுக்கு வருகிறார். கையொப்பம், உதவி, சிபாரிசு என்று மொய்க்கும் ரசிகர்களின் முகங்கள் காமிராவை நெருங்கிக் கோரமாகின்றன. பழைய வேடிக்கைப் படங்களே தேவலை என்பது எல்லோருடைய முறையீடு. வேற்றுக்கிரகவாசிகள்கூட அதையே சொல்கிறார்கள் (அந்தக் காட்சிக்கு நாம் இன்றும் சிரிக்கிறோம்).

பேட்ஸ் தானல்ல என்று ஆலன் மறுத்தார். நடிப்பவரும் அவரே, வேடிக்கையை விட்டு 'இன்டீரியர்ஸ்' (1978) என்ற துயரப் படம் எடுத்தவரும் அவரே எனும்போது எப்படி நம்புவது? ஒரு ரசிகன் தன்னைச் சுடுவதாக பேட்ஸ் கற்பனை செய்யும் காட்சியும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் ஜான் லெனன் ஒரு ரசிகனால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எனினும் கோபத்தின் வேர் வேறிடத்தில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஃபெலினியின் கைடோவைப் பிடுங்குபவர்கள் தயாரிப்பாளர், விமர்சகர், மனைவி, காதலி. டிக்கெட் வாங்கியவன் அங்கே குற்றவாளி அல்லன். இறுதியில் கைடோ எல்லோருடனும் கைகோத்து வட்டமாகச் சுற்றிவருகிறார். ஆலன் அந்த வட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய முடிவில், நாம் கண்டதும் ஒரு திரையிடலே என்று தெரியவருகிறது. பார்த்தவர்கள் முணுமுணுத்தபடி கலைகிறார்கள்; முதியவர் ஒருவர் இதுவும் ஒரு பிழைப்பா என்கிறார். வெளியே எழப்போகும் எதிர்வினையைப் படமே முந்திக்கொண்டு பேசிவிடுகிறது. பிறகு காலி அரங்கில் இயக்குநர் தன் கறுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு தனியே வெளியேறுகிறார்.