பத்துத் தலைமுறை கண்ட கார் எது?

முட்டம் கடலில் இரவில் தொழில் முடித்துத் திரும்பும் மீனவர்களுக்கு, தூரத்தில் தெரிவது எந்த ஊர் கலங்கரை விளக்கம் என்று அறியக் கோபுரத்தைப் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு விளக்கும் தனக்கென்று ஒரு கணக்கில் மின்னும். அந்தக் கணக்குத் தெரிந்தால் போதும். கார் பிரியர்கள் விளையாடும் "எந்தக் கார்?" விளையாட்டும் இப்படித்தான். பெயரைச் சொல்லாமல் தலைமுறை வாரியாகக் குறிப்பு தருவார்கள். இதோ ஒரு கார். கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்!

முதல் குறிப்பு: இதன் மூதாதை 1973-இல் ஜப்பானில் பிறந்தது. கென்யாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளி வீரர் ஜோகிந்தர் சிங், அதை ஓட்டி 1974, 1976 சஃபாரி ராலிகளை வென்றார்.

இரண்டாவது: 1992-இல் அந்தச் சாதாரணக் குடும்பக் காருக்குள் 2 லிட்டர் டர்போ இன்ஜினையும் நான்கு சக்கர இயக்கத்தையும் பொருத்தினார்கள். காரணம், ராலி விதி. போட்டியில் ஓட வேண்டுமென்றால் அதே மாதிரி குறைந்தது 2,500 கார்களைத் தயாரிக்க வேண்டும்.

மூன்றாவது: 1996-இல் வந்த நான்காம் தலைமுறையில் இன்ஜினையே 180 டிகிரி திருப்பி வைத்தார்கள். எடை சீராகப் பரவவும், வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்காமல் இருக்கவும்தான் இந்த ஏற்பாடு.

நான்காவது: 1998-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் உடல் அகலமானது. 1999-இல் வந்த ஆறாவதில் முன்பக்க நம்பர் பிளேட் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனது. உள்ளே காற்று நன்றாகப் புகுந்து இன்ஜின் சூடு தணியட்டும் என்பதற்காக!

ஐந்தாவது: பின்லாந்து வீரர் டோமி மாகினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி சாம்பியன் ஆனது இந்தக் காரில்தான்.

இப்போது தெரிந்திருக்குமே? ஆம், மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன்! செல்லமாக "எவோ".

இந்த விளையாட்டில் "எத்தனை குதிரைத்திறன்?" என்று கேட்பவர் ஏமாந்து போவார். ஜப்பானியக் கார் நிறுவனங்கள் 280-ஐத் தாண்டுவதில்லை என்று தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. அதனால் அங்கே நான்காம் எவோவுக்கும் அறிவிக்கப்பட்ட திறன் 280, ஒன்பதாம் எவோவுக்கும் 280! இன்ஜின் குடும்பம்கூட ஒன்றேதான். பத்தாவதில்தான் (2007) புது இன்ஜின் வந்தது. ஆகவே எண்ணைப் பார்த்தால் விடை கிடைக்காது. எது மாறியது, ஏன் மாறியது என்று பார்க்க வேண்டும்.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1998-இல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் லான்சர் தயாரிப்பு தொடங்கியது. நான்கு, ஐந்து, ஆறாம் எவோக்களுக்கு அடிப்படையான அதே உடல்தான் அதற்கும். ஆனால் உள்ளே டர்போ பெட்ரோல் இன்ஜின் இல்லை, நான்கு சக்கர இயக்கமும் இல்லை. சாதாரண பெட்ரோல் அல்லது டீசல் இன்ஜின், அவ்வளவுதான். பின்னால் பெரிய இறக்கையை மாட்டி எவோ என்று பெருமைப்பட்டுக்கொண்டவர்களும் உண்டு! 2006-இல் வந்த சீடியா, ஏழு முதல் ஒன்பது வரையிலான எவோக்களின் உறவு. எம்.ஆர்.எஃப். அணி அதை இந்திய ராலிகளில் ஓட்டி வெற்றிகளும் பெற்றது. அசல் எவோ 2010-இல்தான் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்தது, அதுவும் இறக்குமதியாக. 2015-இல் கடைசிப் பதிப்பு வெளியானதோடு அந்த வம்சம் முடிந்தது.

ஆக, நம் சாலைகளில் ஓடிய லான்சருக்கும் எவோவுக்கும் முகஜாடை ஒன்று, ஆனால் உயிர் வேறு. இருட்டில் எல்லா விளக்கும் வெளிச்சம்தான். எது எந்த ஊர் விளக்கு என்பது, அது மின்னும் கணக்குத் தெரிந்தவருக்கே புரியும்.