ஏரி இருந்த இடத்தில் தோட்டம் இருந்தது

பெங்களூருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. வந்த புதுசில் ஒரு சித்திரா பௌர்ணமி ராத்திரி, நகரத்பேட்டைப் பக்கம் ஆட்டோ நகரவே இல்லை. "கரகம் சார்" என்றார் டிரைவர். ஏதோ உள்ளூர்த் திருவிழா, நமக்கென்ன என்று அலுத்துக்கொண்டேன். அது இந்த ஊருக்குக் காய்கறி போட்டவர்களின் திருவிழா என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

போன தடவை அம்மா வந்திருந்தபோது தர்மராயர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் பூ விற்ற பெரியவர் பேச்சில் பாதி தமிழ், மீதி கன்னடமும் தெலுங்கும். "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று அம்மா ஆசையாகக் கேட்டாங்க. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "இதே ஊருதாம்மா."

அவர் திகளர். தமிழரைத் திகளர் என்பது கன்னடத்தில் பழைய வழக்கு. ஹைதர் அலி 1760ல் லால்பாக்கை ஆரம்பித்தபோது தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கும் முன்பே வந்துவிட்டார்கள் என்பாரும் உண்டு. எப்போது வந்திருந்தாலும் தொழில் ஒன்றுதான். ஏரிகளை ஒட்டிக் கீரை, காய், பழம், பூ போட்டுப் பேட்டைக்குள் கொண்டுவந்து விற்றார்கள். அவர்கள் குடியிருந்த தெருக்களுக்கே திகளர்பேட்டை என்று பெயர்.

நம்ம காவிரிக்கரை மாதிரி இங்கே ஊருக்குள் பெரிய ஆறு கிடையாது. கெம்பேகௌடா 1537ல் ஊரை அமைத்த காலத்திலிருந்து ஏரிதான் எல்லாம். ஒரு ஏரி நிரம்பினால் வழிவது அடுத்த ஏரிக்குப் போகும். குடிக்கவும் அந்தத் தண்ணீர், தோட்டத்துக்கும் அந்தத் தண்ணீர்.

1896ல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. அதோடு ஊர்க்காரர்களுக்கு ஏரி மேல் இருந்த அக்கறை மெல்லக் குறைந்தது. தோட்டக்காரர்களுக்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது. அவங்க பேச்சு எங்கே எடுபடும்? தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் ஆச்சு. (பெட்டியோடு நான் முதலில் வந்து இறங்கியது ஏரிக்குள்தான்!) சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆச்சு. ஓரமாக ஒரு சின்னக் குளம் மட்டும் மிச்சம். அதுவும் கரகத்துக்காக விட்டுவைத்தது. ஏரி போனதும் தோட்டமும் போச்சு.

இப்போ எங்க வீட்டுக்கு வரும் தக்காளியும் கொத்தமல்லியும் பெரும்பாலும் கோலார் பக்கத்திலிருந்து. அங்கே போர்வெல்லெல்லாம் வற்றிப் போனதால், 2018லிருந்து பெங்களூர் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுபோய்க் கோலார் ஏரிகளில் விடுகிறார்கள். நிலத்தடி நீர் ஊறட்டும் என்று. கிணறுகளில் தண்ணீர் ஏறியது உண்மை. இந்தச் சுத்திகரிப்பு போதுமா என்று வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனதும் உண்மை.

யோசித்தால் வேடிக்கையாக இருக்கு. பக்கத்தில் இருந்த ஏரியை மூடி அதன் மேல் பஸ் ஸ்டாண்ட் கட்டிவிட்டு, நாம குளித்த தண்ணீரை அடுத்த மாவட்டத்துக்கு அனுப்பி, அங்கிருந்து கீரைக்கட்டை லாரியில் வரவழைக்கிறோம். அதில் என் வீட்டுப் பங்கும் இருக்கு.

அடுத்த கரகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகணும். அந்தச் சின்னக் குளத்தைக் காட்டி, இதுதான் ஏரியில் மிச்சம் என்று சொல்லணும். இந்தத் தடவை டிராபிக்கைத் திட்டமாட்டேன்.