சாங்கிச் சுவர்களில் பிறந்த சமாதானம்



ஜப்பான்காரன் காலத்துக் கதைகளைக் கேட்காத தோட்டத்துப் பிள்ளை யார் இருக்கிறார்? மரவள்ளிக் கிழங்கைத் தின்று பசியாறியதும், சாக்குத் துணியை உடுத்தி மானத்தைக் காத்ததும், லயத்து ஆண்கள் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டதும் நம் பாட்டன் பாட்டிமார் சொல்லி, பெற்றோர் கேட்டு, நம் காதுக்கு வந்த செய்திகள். அத்தகைய காலத்தில் மனிதன் எதைப் பற்றிக்கொண்டு உயிர் தரித்தான்? மாரியம்மன் கோயில் திருநீறு சிலரைத் தாங்கியது. ஐவேளைத் தொழுகை சிலரைத் தாங்கியது. சிலரைத் தாங்கியது சிலுவை. கிறிஸ்துவ நம்பிக்கை இரண்டு மனிதர்களுக்குச் சிங்கப்பூரின் சாங்கியில் எவ்வாறு மன அமைதியைத் தந்தது என்ற வரலாற்றை இன்று பார்ப்போம்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. ஏறக்குறைய 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்வீரர்கள் தீவின் கிழக்கு முனையிலுள்ள சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டுக் கைதிகளாக அடைக்கப்பட்டார்கள். அங்கிருந்த ரோபர்ட்ஸ் படைமுகாம் கைதிகளின் மருத்துவமனை ஆயிற்று. அரிசி குறைவு, மருந்தோ அதைவிடக் குறைவு. வயிற்றுக்கடுப்பும் ஊட்டக் குறைவும் ஆட்களை வாட்டின. அந்த மருத்துவமனையின் 151ஆம் கட்டடத்தில், கீழ்த்தளத்து அறை ஒன்றைச் சிற்றாலயமாக மாற்றிக்கொண்டார்கள். அதற்குத் தூய லூக்காவின் பெயரை இட்டார்கள். நற்செய்தி நூல்களில் ஒன்றை எழுதிய லூக்கா ஒரு வைத்தியர் என்பது கிறிஸ்துவ மரபு. நோயாளிகளின் ஆலயத்திற்கு அவர் பெயர் பொருத்தந்தானே!

அந்தக் கட்டடத்தில் நோயாளியாகக் கிடந்தவர்களில் ஒருவர் ஸ்டேன்லி வாரன். 1917இல் பிறந்த இவர் பிரிட்டிஷ் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். போருக்கு முன் விளம்பரப் படம் வரைந்து பிழைத்தவர். சிறுநீரகக் கோளாறும் கடுமையான வயிற்றுக்கடுப்பும் அவரை எழவொட்டாமல் செய்திருந்தன. இவர் ஓவியர் என்பதை அறிந்த பாதிரியார்கள், ஆலயச் சுவரில் படம் வரைந்து தர முடியுமா என்று கேட்டார்கள். எழுந்து நிற்கவே முடியாத மனிதர் ஒப்புக்கொண்டார்.

வண்ணத்திற்கு எங்கே போவது? சக கைதிகள்தாம் கொண்டுவந்து சேர்த்தார்கள். இராணுவ வண்டிகளுக்குப் பூசும் பழுப்புச் சாயம் கிடைத்தது. கொஞ்சம் சிவப்பும், வெள்ளை எண்ணெய்ச் சாயமும் கிடைத்தன. நீல நிறத்திற்கு, பில்லியர்ட்ஸ் ஆட்டக் கோலின் முனையில் தேய்க்கும் நீலச் சுண்ணக்கட்டியைப் பொடி செய்து கொடுத்தார்கள். பிடிபட்டால் தண்டனை உறுதி என்று தெரிந்தும் அவற்றைத் தேடிக் கொடுத்தார்கள். வாரன் கால் மணி நேரம் தீட்டுவார். பிறகு களைத்துப்போய் ஓய்வெடுப்பார். மீண்டும் எழுந்து தீட்டுவார். இப்படியே 1942ஆம் ஆண்டின் கிறிஸ்துமசுக்குள் முதல் ஓவியமான இயேசு பிறப்பு முடிந்தது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஐந்து பெரிய ஓவியங்கள் சுவர்களை நிறைத்தன.

அந்தப் படங்களில் என்ன வரைந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகளில் ஒருவரை மத்திய கிழக்கு நாட்டவராகவும், ஒருவரைச் சீனராகவும், ஒருவரை ஐரோப்பியராகவும் தீட்டினார். சிலுவைக் காட்சியில் சிலுவையைத் தூக்கி நிறுத்துவோரை ரோமாபுரிப் படைவீரர்களாகக் காட்டவில்லை, அடிமைகளாகக் காட்டினார். தன்னைச் சிறைவைத்த எதிரியின் முகத்தை எந்தச் சுவரிலும் அவர் வரையவில்லை. உடலுக்கு விடுதலை இல்லாத இடத்தில் உள்ளத்தை வெறுப்பிலிருந்து விடுவித்துக்கொண்டார் என்றே நாம் இதைப் பொருள் கொள்கிறோம். கிறிஸ்துவர்கள் சமாதானம் என்று சொல்வது இதைத்தான்.

வாரன் தீட்டிக்கொண்டிருந்த வேளையில் அவருடைய படைப்பிரிவினர் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். படைத்தலைவர் ஒருவர் தலையிட்டதால் வாரன் மட்டும் மருத்துவமனையில் தங்கினார். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. அந்த ஓவியங்களே தம் உயிரைக் காத்தன என்று பிற்காலத்தில் அவர் சொன்னார்.

இனி இரண்டாமவரைப் பார்ப்போம். அவர் லெனார்ட் வில்சன். 1941இலிருந்து 1949வரை சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர். 1943 செப்டம்பர் இறுதியில், ஆஸ்திரேலியாவிலிருந்து இரகசியமாக வந்த ஒரு சிறு படை சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்களுக்கு வெடிவைத்தது. சாங்கிச் சிறையிலிருந்தவர்களே உளவு சொன்னார்கள் என்று ஜப்பானிய இராணுவப் போலீசாகிய கெம்பித்தாய் தவறாகச் சந்தேகித்தது. அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய வேட்டையில் 57 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் 15 பேர் இறந்தார்கள். பேராயரும் பிடிபட்டார். நாட்கணக்கில் அடித்து வதைக்கப்பட்டார்.

போர் முடிந்தபின், 1946இல், அவர் பிபிசி வானொலியில் அந்நாட்களைப் பற்றிப் பேசினார். நம்மைப் போலவே வானொலி வழியாகத்தான்! அவர் தம்மை வீரர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அடிப்பவர்களை மன்னிக்க வேண்டும் என்று தம் மதம் சொல்வது தெரிந்திருந்தும், அந்த முகங்களைப் பார்க்கையில் மன்னிப்பது எளிதாக இல்லை என்றார். ஆகவே, அவர்கள் ஒரு காலத்தில் விளையாடிய சிறு குழந்தைகளாக எப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாராம். குழந்தையை வெறுக்க யாரால் முடியும்? பின்னாளில், அவரை வதைத்தவர்களில் ஒருவர் கிறிஸ்துவராகி, அவர் கையாலேயே திடப்படுத்தல் பெற்றார்.

இவர்கள் இருவருக்கும் கிடைத்த அமைதி, வலி தெரியாத அமைதி அல்ல. வாரனின் பிற்கால வாழ்வே அதற்குச் சான்று. அவருடைய ஓவியங்கள் மீது பின்னர் வெள்ளை பூசப்பட்டது. ஒன்றின் கீழ்ப்பகுதி வாசல் வைப்பதற்காக இடிக்கப்பட்டது. 1958இல் அவை மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டன. வரைந்தவர் யார் என்று தேடியபோது, மறு ஆண்டு, லண்டனில் பள்ளி ஓவிய ஆசிரியராக அவர் இருப்பது தெரிந்தது. வந்து புதுப்பித்துத் தாருங்கள் என்றார்கள். அவரோ தயங்கினார். சாங்கியை மறக்க அவ்வளவு பாடுபட்டவர் அவர். 1963இல்தான் மனத்தைத் தேற்றிக்கொண்டு வந்தார். 1966இலும் 1988இலும் மறுபடி வந்து வேலையைத் தொடர்ந்தார். 1992இல் காலமானார். மன அமைதி என்பது ஒரு முறை பெற்றுப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று. பால்மரத்தை நாள்தோறும் சீவினால்தான் பால் வடியும். அமைதியும் அப்படியே, நாள்தோறும் முயன்று பெற வேண்டியது.

நேயர்களே, நமக்குரிய ஒரு செய்தியும் இங்கே உண்டு. வாரனின் தோழர்கள் போன அதே ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் அதிகமான தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதையில் காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களை ஆயிரம் ஆயிரமாக வீழ்த்தின. சாங்கி ஓவியங்களைப் பாதுகாக்க இன்று ஆட்கள் இருக்கிறார்கள்; அரும்பொருளகத்தில் அவற்றின் படிவங்கள் உள்ளன. நம்மவர்கள் எந்தச் சாமியைக் கூப்பிட்டார்கள், எந்தப் பாட்டைப் பாடி மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள் என்பதை வரைந்து வைக்க ஒரு சுவர்கூட இருக்கவில்லை.

அந்தச் சுவரை நாம்தான் எழுப்ப வேண்டும். போய்வந்தவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் பேரர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், வீட்டிலுள்ள மூத்தவரின் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். “அந்தக் காலத்தில் நம் வீட்டில் யார் போனார்கள்? வீட்டிலிருந்தவர்கள் எப்படி மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள்?” என்று கேளுங்கள். சொல்வதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஏட்டிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள். கால் மணி நேரம் போதும். வாரனும் கால் மணி நேரம் கால் மணி நேரமாகத்தான் அந்தச் சுவர்களை நிறைத்தார்.