களைகொல்லியைச் சோதித்த வரலாறு

பயிருக்கு இட்ட உரத்தையும் நீரையும் களை பங்குபோட்டுக் கொள்வதை உழவன் என்றும் அறிவான். அதனைக் கையாற் பிடுங்கியும் மண்வெட்டியாற் கொத்தியும் அழித்த காலம் நெடியது. களையை மாத்திரம் கொன்று பயிரை வாழவிடும் மருந்து உண்டோ என ஆராயப் புகுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயாகும்.

1896 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டக்காரரான பொன்னே என்பார், கொடிநோய்க்குத் தெளித்த போர்டோக் கலவை பட்ட காட்டுக் கடுகின் இலைகள் கறுத்ததைக் கண்டார். பின்னர் ஓட்ஸ் வயலில் மயில்துத்தக் கரைசலைத் தெளித்தபோது கடுகு மடிந்தது, ஓட்ஸ் தப்பியது.

ஆயினும் காய்கறித் தோட்டத்தில் இவ்வெற்றி எளிதாகக் கிட்டவில்லை. 1940களில் வந்த 2,4-டி என்னும் மருந்து அகன்ற இலைச் செடிகளையே பெரிதும் தாக்குவது. தானியத்துக்கு அது நன்று. காய்கறிகளுட் பெரும்பாலானவையோ களையைப் போலவே அகன்ற இலையுடையன. எனவே ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியே சோதனை வேண்டியதாயிற்று. வெங்காயத்தின் மெழுகு படிந்த நிமிர்ந்த தாளில் நீர்த்த கந்தக அமிலத்துளி தங்காது வழிந்தோடியது. களையின் இலையிலோ தங்கிப் பொசுக்கியது. அமெரிக்காவில், உலர்சலவைக்குப் பயன்பட்ட எண்ணெயொன்றைக் கரட் பாத்திகளில் தெளித்தபோது களை அழிந்தது. கரட் அதனைத் தாங்கிக்கொண்டது.

கண்ணாற் கண்டது மாத்திரம் போதுமா? ஒரு பாத்தி செழித்தது மருந்தாலோ, மண்வளத்தாலோ? இவ்வையத்தைத் தீர்க்க வழி வகுத்தவர், இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் நிலையத்தில் 1919 முதல் பணியாற்றிய ரொனால்ட் பிஷர். மருந்திட்ட பாத்தி, கையாற் களை பிடுங்கிய பாத்தி, களை பிடுங்காத பாத்தி என்பவற்றைச் சீட்டுக் குலுக்கினாற்போல் இடம் மாற்றி, பன்முறை அமைத்து, விளைச்சலை ஒப்பிடுதலே அம்முறை.

எனினும் இப்பாத்திகள் களையையும் பயிரையும் பற்றியே விடை கூறின. தெளிப்பவனைப் பற்றிக் கூறவில்லை. 1962 இல் விற்பனைக்கு வந்த பரகுவாட் களையை விரைவிற் கருக்கியது. ஆனால் அதனை விழுங்கியவரைக் காக்கும் மாற்றுமருந்து இல்லை. நம் நாட்டிலும் பல குடும்பங்கள் இதனை அறிந்து துயருற்றன. 2008 முதல் 2011 வரை அது படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. அதன்பின் நஞ்சருந்தி இறந்தோர் தொகை குறைந்ததென ஆய்வுகள் காட்டின.

களை மடிந்ததா, பயிர் பிழைத்ததா என்னும் இரு வினாக்களோடு, மனிதன் பிழைப்பானா என்னும் மூன்றாம் வினாவையும் தொடக்கத்திலேயே கேட்பதுதான் நிறைவான சோதனை. இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம் அதுவே.