அப்பத்தாவும் எஃப் 1.4 லென்ஸும்

போன மாசம் பொன்னமராவதி போயிட்டு வந்ததுல இருந்து ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. அதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல 1858-க்குப் போவோம். மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரரா இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் எடுத்த புதுக்கோட்டைப் படங்கள் அந்த வருஷம் ஆல்பமாக வெளிவந்தன. மெழுகு பூசின காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். அதுல வெளிச்சம் பதியறதுக்கு ரொம்ப நேரம் ஆகும். கட்டடம் அசையாது, கல்லுக்குக் கல் தெளிவா விழும். ஆள் அசைஞ்சா? புகை மாதிரி ஆயிடுவாங்க.

வேகமான லென்ஸைத் தேடினது இதனாலதான். லென்ஸோட வாய் எவ்வளவு பெரிசோ, அவ்வளவு சீக்கிரம் படம் பதியும். 1924-ல் ஜெர்மனியில் எஃப் 2 லென்ஸோட எர்மனாக்ஸ் கேமரா வந்துச்சு. அதை வச்சு எரிக் சாலமன் ஃப்ளாஷ் போடாமலே நீதிமன்றத்துக்குள்ளயும் தலைவர்கள் கூட்டத்துலயும் படம் எடுத்தார். 1961-ல் கேனன் எஃப் 0.95 வரைக்கும் போயிடுச்சு.

சரி, என் கதைக்கு வர்றேன். எங்க ஊர் வீட்டு வளவுல முற்றத்து வெளிச்சம் மட்டும்தான். கேமராவோட வந்த லென்ஸ்ல, எஃப் 5.6-ல, எட்டுல ஒரு பங்கு செகண்ட் வேணும். அப்பத்தா சிரிச்சாலே படம் கலங்கிடும். 50 எம்எம் எஃப் 1.4 வாங்கினேன். 16 மடங்கு வெளிச்சம்! 125-ல ஒரு பங்கு செகண்ட் போதும். வெத்தலை இடிக்கிற கை அப்படியே நின்னுச்சு.

அதுக்கப்புறம் அந்த லென்ஸை 1.4-ல இருந்து நான் இறக்கவே இல்லை. ஒரு மீட்டர்ல நின்னு எடுத்தா, கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர்தான் ஃபோகஸ்ல இருக்கும். கண்ணு பளிச்னு தெரியும், காதே மங்கிடும். பின்னாடி இருக்கிற தூண், கதவு, அப்பத்தாவோட அஞ்சறைப்பெட்டி எல்லாம் வெறும் அழகான வண்ணக் குழம்பு.

இப்ப அப்பத்தா இல்லை. வீட்டையும் வித்தாச்சு. என்கிட்ட 400 படம் இருக்கு. ஒண்ணுலகூட அந்த வீடு தெரியலை.

ட்ரைப் படத்துல கட்டடம் நின்னுச்சு, ஆள் கரைஞ்சாங்க. என் படத்துல ஆள் நின்னாங்க, வீடு கரைஞ்சிடுச்சு.

வேகமான லென்ஸ் வேண்டாம்னு சொல்லலை. அது இல்லேன்னா அந்தச் சிரிப்பே கிடைச்சிருக்காது. ஆனா 1.4-ல பத்துப் படம் எடுத்தா, ஐஎஸ்ஓவை ஏத்திட்டு எஃப் 8-ல ஒண்ணாவது எடுங்க. கொஞ்சம் புள்ளி புள்ளியா வரட்டும், பரவாயில்லை.

இந்த லீவுக்கு ஊருக்குப் போறீங்கன்னா, இன்னைக்கே ஞாபகம் வச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.